பட்டம் வாங்கிய பிறகு தகுதியைத் தேடுவதா?

ஒரு மாணவரைச் சேர்க்கலாமா கூடாதா என்பதை அவர் சேர்வதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். மருத்துவக் கல்வியில் இலங்கை இதைத் தலைகீழாகச் செய்தது. மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரியான சைட்டம் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் 2011 ஆகஸ்டில் வர்த்தமானியில் வந்தது. அங்கு படித்தவர்களைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவ சபை மறுத்தது. பதிவுசெய்யும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்ததும் வைத்தியர்களின் வேலைநிறுத்தம், அரச மருத்துவ பீட மாணவர்களின் வகுப்புப் புறக்கணிப்பு என்று அந்த ஆண்டே கழிந்தது. கடைசியில் அரசு அந்த நிறுவனத்தையே ஒழிக்க முடிவெடுத்து, மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் மாணவர் பக்கமே நின்றது. இத்தனைக்கும் நடுவில் பலர் கவனிக்காமல் விட்ட திகதி ஒன்று உண்டு. மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தரம் இதுதான் என்று சொல்லும் விதிகள் வர்த்தமானியில் வந்தது 2018 ஜனவரியில். பட்டம் வழங்க அனுமதி கொடுத்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகுதான் தரத்தை எழுதியிருக்கிறார்கள்.

இதைத் தனியார் கல்லூரிக்கே உரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களின் இசட் புள்ளியைக் கணித்த முறை பிழையென்று, 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை மீளக் கணிக்க உத்தரவிட்டது. அங்கும் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்த பிறகே கணக்கு முறை பற்றிய வாதம் தொடங்கியது.

மட்டக்களப்பில் இருப்பவர்கள் இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பல் மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று தட்டு நிறைய வைத்து வந்தவரை வரவேற்கும் ஊர்கள் நம்முடையவை. கன்னத்தின் உட்புறத்தில் நோவே இல்லாமல் படியும் வெள்ளைத் திட்டை வேளைக்கே கண்டுபிடிக்கக் கூடியவர் பல் வைத்தியர். ஆனால் பல் மருத்துவ பீடம் என்றால் பல பத்தாண்டுகளாகப் பேராதனையில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் பல் மருத்துவம் இல்லை. வெட்டுப்புள்ளியைச் சில தசமங்களால் தவறவிட்ட பிள்ளைக்காகக் காணியை ஈடுவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பத்துக்கு, அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்பது விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிய வேண்டும். திரும்பி வந்த பிறகு பதிவுப் பரீட்சை வைப்பது நியாயம். சேர்ந்தபோது இருந்த தகுதியை அப்போது கிளறுவது நியாயமில்லை.

இதே கேள்வி இப்போது புணானையிலும் நிற்கிறது. அங்கே தனியார் உயர்கல்வி நிறுவனமாக எழுந்த மட்டக்களப்பு கெம்பஸ் கட்டடங்கள் 2019 இல் பெரும் சர்ச்சைக்குள்ளாகி, கொரோனாக் காலத்தில் தனிமைப்படுத்தல் நிலையமாகி, 2023 இல் உரியவர்களிடம் திரும்பிச் சென்றன. அதன் அரசியல் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். எந்தக் கற்கைநெறியானாலும் முதல் மாணவர் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அனுமதித் தகுதி, பயிற்சி வைத்தியசாலை, பதிவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரு கருத்து இருக்க முடியாது.

மருத்துவ சபை பிடிவாதமாக நின்றதால்தானே நோயாளி காப்பாற்றப்பட்டார் என்று கேட்பவர்கள் உண்டு. சபையின் கவலை உண்மையானது. போதிய நோயாளிகளைப் பார்க்காமல் எவரும் வைத்தியராகிவிட முடியாது. ஆனால் அந்தக் கவலையைப் பதிவு மேசையில் வெளிப்படுத்தும்போது தண்டனை அனுபவிப்பது மாணவர்தான், அவரைச் சேர்த்த நிறுவனமோ அனுமதித்த அமைச்சோ அல்ல. முன்கூட்டியே எல்லாம் தீர வேண்டுமென்றால் புதிய கல்லூரியே வராது என்றும் சிலர் சொல்வார்கள். இந்தியாவைப் பாருங்கள். மத்திய அரசின் முன் அனுமதியின்றி அங்கே பல் மருத்துவக் கல்லூரி தொடங்குவதை 1993 திருத்தச் சட்டம் தடைசெய்தது. அப்படியிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. வழக்குகள் அங்கும் ஓயவில்லை என்பதும் உண்மை. தனியார் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்திச் சேர்க்கலாமா என்பது, மத்தியப் பிரதேசத்தின் மாடர்ன் டென்டல் காலேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் வரை போய், சேர்க்கையையும் கட்டணத்தையும் ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டென்று 2016 மே மாதம்தான் முடிந்தது. ஆனால் அங்கே வாதம் சேர்க்கும் முறையைப் பற்றியது. படித்து முடித்த ஒரு தொகுதியே பதிவுக்காக வாசலில் நின்றதைப் பற்றியது அல்ல.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் ஆட்சேபம் வேறு. குறைந்தபட்சத் தகுதியைக் கறாராக எழுதினால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைக்குக் கதவு அடைபடாதா? அரச பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பு இரண்டிலும் பங்கு பெறுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் வாவியின் இரு கரையும் ஒன்றுதான். நகரத்துப் பெரிய பாடசாலை மாணவரும் படுவான்கரையின் மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்து மாணவரும் ஒரே வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகிறார்கள். தகுதியைத் தளர்த்தினால் இந்த இடைவெளி நிரம்பிவிடாது. தளர்வின் பயன் கட்டணம் கட்ட வசதியுள்ளவருக்கே போகும். படுவான்கரைக்குத் தேவை உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவை முழுமையாக நடத்தும் பாடசாலைகளும், மாற்றலாகி ஓடிவிடாத பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர்களும், கிழக்கிலேயே ஒரு அரச பல் மருத்துவ பீடமும்தான். அதுவரை, அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியலையும் சேர்க்கைத் தகுதியையும் ஒவ்வோர் ஆண்டும் உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வேளையில் மருத்துவ சபை தமிழிலும் வெளியிடட்டும். தகுதியற்றவரைச் சேர்த்த உள்ளூர் நிறுவனம் வாங்கிய கட்டணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சட்டம் வரட்டும்.