பெரிய பெட்டியா? சின்னப் பெட்டியா?

அமெரிக்காவில் ஒரு பையன் மின்சார கிதார் வாங்குகிறான். செலவு முடிந்தது என்று தந்தை நினைக்கிறார். முடியவில்லை! பெரிய செலவு இனிமேல்தான் வருகிறது.

மின்சார கிதாரைத் தனியாக மீட்டினால் கொசு ரீங்காரம் போலத்தான் சத்தம் கேட்கும். அது வாய் திறந்து பாட வேண்டுமானால் ஆம்ப்ளிபயர் வேண்டும். ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதற்கு "காம்போ" என்று பெயர்.

தந்தையும் மகனும் கடைக்குப் போகிறார்கள். அங்கே பக்கம் பக்கமாக இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் கறுப்பு உறை. இரண்டுக்கும் முகத்தில் வெள்ளி நிறத் துணி. இரண்டிலும் "ஃபெண்டர்" என்ற ஒரே பெயர். அண்ணன் தம்பி போலவே இருக்கின்றன. தம்பியின் பெயர் "பிரின்ஸ்டன் ரிவெர்ப்". அண்ணனின் பெயர் "டீலக்ஸ் ரிவெர்ப்".

இரண்டின் விலையும் ஆயிரம் டாலரைத் தாண்டும். தம்பி 12 வாட். அண்ணன் 22 வாட்.

"வாங்குவதுதான் வாங்குகிறோம். பெரியதாகவே வாங்கி விடலாமே!" என்று தோன்றும். பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, "வீட்டில் இதை முழுதாகத் திருப்ப முடியவில்லையே" என்று வருந்துகிறார்கள்.

வால்வு செய்யும் வேலை

இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பவை கண்ணாடி வால்வுகள். வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதிது அல்ல. சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. வால்வு சூடாக வேண்டும். உள்ளே செக்கச் செவேல் என்று இழை ஒளிர வேண்டும். அதன் பிறகே பாட்டு.

1906-ம் ஆண்டில் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் மூன்று முனை வால்வைக் கண்டுபிடித்தார். சிறிய மின்சார அசைவைப் பெரிதாக்க அது உதவியது. 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. கொஞ்ச காலத்தில் ரேடியோவில் இருந்து வால்வு போயிற்று. டெலிவிஷனில் இருந்தும் போயிற்று. கிதார் பெட்டியில் இருந்து மட்டும் போகவில்லை!

என்ன காரணம்?

தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வேலை கொடுத்தால், வால்வு சட்டென்று முறித்துக்கொள்வது இல்லை. ஒலியின் உச்சியை மெல்ல மழுக்குகிறது. அப்போது மூல ஒலியோடு வேறு பல மெல்லிய ஒலிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒலி தடிக்கிறது. லேசாகக் கரகரக்கிறது. ரேடியோ என்ஜினீயருக்கு அது கோளாறு. கிதார்காரருக்கு அதுதான் சங்கீதம்!

ஆனால், குமிழைப் போதிய அளவு திருப்பி, வால்வுகளை நன்றாக உழைக்க விட்டால்தான் இந்தக் கரகரப்பு வரும். பெரிய பெட்டியை வாங்கி, பக்கத்து வீட்டாருக்குப் பயந்து குமிழை ஒன்றிலேயே வைத்திருந்தால், வால்வு தூங்குகிறது என்று பொருள். அதற்காகக் கொடுத்த பணமும் தூங்குகிறது.

அண்ணனும் தம்பியும்

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பெட்டிகளிலும் சக்தி தருகிற வால்வு ஒரே வகைதான். "6வி6" என்ற வால்வு, இதில் இரண்டு, அதில் இரண்டு. அண்ணனுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் பெரியது. வால்வை ஓட்டும் முறையும் கொஞ்சம் வேறு. ஆகையால் அதே வால்வுகளிடம் கூடுதல் வேலை வாங்குகிறது.

தம்பிக்கு 10 அங்குல ஸ்பீக்கர். அண்ணனுக்கு 12 அங்குலம். தம்பியின் எடை சுமார் 15 கிலோ. அண்ணன் சுமார் 19 கிலோ. மாடிப்படி ஏறுகிறவருக்கு இந்த 4 கிலோ தெரியும்! அண்ணனிடம் கிதாரைச் செருக இரண்டு தனி வழிகள் உண்டு. தம்பியிடம் ஒன்றுதான். எதிரொலி தரும் சுருள் கம்பியும், ஒலியை அலை போல ஆட்டும் வசதியும் இருவரிடமும் உண்டு.

காதின் கணக்கு

22 வாட் என்றால் 12 வாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் என்று எண்ணுவது இயல்பு. அது தவறு.

காதின் கணக்கு வேறு. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். "சற்றுக் கூடியிருக்கிறது" என்று காது சொல்லும். அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். 12 வாட்டுக்கு இரண்டு மடங்கு 120 வாட்!

அப்படியானால் கடையில் அண்ணன் கம்பீரமாகக் கேட்பது ஏன்? பெரும்பாலும் ஸ்பீக்கரும் பெட்டியின் அளவும் செய்யும் வேலை அது. ஒரே மின்சாரத்தைக் கொடுத்தாலும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் சத்தம் மாறும். 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரைப் பொருத்தினால், வாட்டை இரண்டு மடங்கு ஆக்கியதற்குச் சமம். வாட்டைக் கேட்கிறவர்கள் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்பது இல்லை!

பெரிய பெட்டி பிறந்த கதை

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் டார்ட்போர்டு என்ற ஊர். அங்கே டாம் ஜென்னிங்சின் கம்பெனியில் டிக் டென்னி என்பவர் "வாக்ஸ் ஏசி 15" என்ற பெட்டியை உருவாக்கினார். 15 வாட். சக்தி வால்வு இரண்டு.

1950-களின் கடைசியில் "ஷாடோஸ்" குழுவினர் புகழ் பெற்றார்கள். மேடை ஏறினால் ரசிகர்கள் போடும் கூச்சலில் கிதார் கேட்கவில்லை. "இன்னும் சத்தம் வேண்டும்" என்றார்கள். சக்தி வால்வு நான்காயிற்று. ஸ்பீக்கர் இரண்டாயிற்று. "ஏசி 30" பிறந்தது. எடை 30 கிலோவைத் தாண்டியது.

1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்தார்கள். கூட்டம் 55 ஆயிரத்துக்கு மேல். அவர்களுக்கு 100 வாட் பெட்டிகள் வந்தன. அப்படியும் கூச்சலே வென்றது!

அந்தக் காலத்தில் மேடைப் பெட்டியின் சத்தமே கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும். இன்று அப்படி அல்ல. பெட்டியின் முன்னால் ஒரு மைக்கை வைக்கிறார்கள். அரங்கின் ஒலிபெருக்கிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. பெரிய பெட்டி வந்ததற்கான காரணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆசை மட்டும் போகவில்லை.

சின்னப் பெட்டி சாதித்ததும் உண்டு. 1970-ல் மியாமியில் "லைலா" இசைத்தட்டைப் பதிவு செய்தபோது எரிக் கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் "சேம்ப்" என்ற சிறிய பெட்டி. 5 வாட் அளவுதான்! நீல் யங் 1959-ம் ஆண்டு ஃபெண்டர் டீலக்சைக் கொண்டு பெரிய மேடைகளில் எல்லாம் வாசித்து வந்திருக்கிறார். அது சுமார் 15 வாட்.

வீட்டில் உள்ளவர்களின் காது

85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி. 100 என்றால் கால் மணி நேரம்தான்!

சாதாரண கிதார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 95 டெசிபெல் வந்துவிடும். ஒரே வாட்டுக்கு இந்தச் சத்தம்! அப்படி இருக்க, படுக்கை அறைக்கு 22 வாட் எதற்கு? உண்மையைச் சொன்னால் 12 வாட்டே அதிகம். அடித் தளத்தில் தனி அறை இல்லாத வீடுகளுக்கு 5 வாட் பெட்டியே பொருத்தம்.

ஆகவே, வீட்டில் பழகும் பையனுக்குத் தம்பியே போதும். வாரந்தோறும் டிரம்ஸ் அடிக்கிறவரோடு சேர்ந்து வாசிக்கிறவர் அண்ணனை வாங்கலாம். டிரம்ஸ் முன்னால் கரகரப்பு இல்லாத தெளிந்த ஒலி வேண்டும் என்றால், தம்பிக்கு மூச்சு வாங்கும்.

கடையில் பார்க்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு பெட்டிகளில் எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ, அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். ஆகையால் இரண்டையும் ஒரே சத்தத்துக்கு வைத்துக் கேட்க வேண்டும். அதுவும் வீட்டில் வைக்கப்போகிற சத்தத்துக்கு. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் வைத்த பெட்டிக்கு அடிக்குரல் கூடும். சொந்தக் கிதாரைக் கொண்டுபோவது நல்லது.

கை வைக்காதே!

எந்தப் பெட்டியை வாங்கினாலும் பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே கை வைக்கக் கூடாது. வால்வுப் பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு மேலும் மின்சாரம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கி இருக்கும். உயிரைக் குடிக்கப் போதுமானது. ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிபயரை ஓட்டவும் கூடாது. டிரான்ஸ்பார்மர் கருகிவிடும்.

1960-களில் செய்த பழைய பெட்டிகளை ஆசையோடு தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் இரண்டு முனை பிளக்தான் இருந்தது. எர்த் கிடையாது. கிதார் கம்பியில் கையும், மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் ஷாக் அடிக்கலாம். தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று முனை வயரைப் போட்ட பிறகே வாசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருந்து தமிழ்நாட்டுக்குப் பெட்டி கொண்டு வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230. பெட்டியின் பின்புறம் எந்த வோல்ட் எழுதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 120 என்று மட்டும் இருந்தால், மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இங்கே சுவிட்சைத் தொடக் கூடாது.