அன்று கல்லில் இருந்த தமிழ்

தூரிகை எழுத்து, காகித வெட்டுக்கலை, தேநீர் உபசாரம்: பாடசாலை மாணவருக்கான சீனப் பண்பாட்டுப் பட்டறைகளில் வழமையாக இடம்பெறுபவை இவை. பிள்ளைகள் இவற்றைக் கற்பதில் தவறில்லை. ஆனால், கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் எமது பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டிய சீன மரபுரிமை ஒன்று தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டே அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெ கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கின் துறைமுகத்தில் பேரரசு ஒன்று பேசத் தேர்ந்தெடுத்த மொழிகளில் தமிழும் ஒன்று. 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது அது மதகு மூடியாகக் கிடந்தது.

இதை வெறும் நட்புச் சின்னமாகவும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதே செங் ஹெதான் இங்கிருந்த ஆட்சியாளர் அழகேஸ்வரரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றவர். காணிக்கையும் படைபலமும் ஒரே கடற்படையில்தான் வந்தன.

2021 மே மாதம், சீன உதவியுடன் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அமைக்கப்பட்ட நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. அரசகரும மொழியான தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது அகற்றப்பட்டது. இதற்குச் சீனாவை மட்டும் குறைகூற முடியாது. திணைக்களம் இலங்கை அரசினுடையது.

பட்டறைக்குப் போகும் பிள்ளை சீன எழுத்தை வரையட்டும். கூடவே, அந்தக் கல்லின் முன் நின்று தன் மொழியையும் தேடி வாசிக்கட்டும். அன்று இருந்த தமிழ் இன்று ஏன் விடுபடுகிறது என்ற கேள்வி அங்கிருந்து தொடங்கட்டும்.