கண்ணீர் காய்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? பாடசாலைகளில் ஊக்குவிப்புச் செயலமர்வுகள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது நமது பாடசாலைகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். தரம் 10, 11 மாணவர்கள் மண்டபத்தில் அமர்த்தப்படுகிறார்கள். வெளியூரிலிருந்து வளவாளர் ஒருவர் வருகிறார். மல்டிமீடியா, கதைகள், சிரிப்பு, கைதட்டல் என்று நிகழ்ச்சி களைகட்டுகிறது. கடைசி அரை மணிநேரம் விளக்குகள் அணைக்கப்படும். கண்களை மூடச் சொல்லி, பெற்றோரின் தியாகமும் அவர்கள் ஜனாஸாவாகக் கிடக்கும் காட்சியும் தழுதழுத்த குரலில் வர்ணிக்கப்படும். மண்டபமே விம்மி அழும். அன்றிரவே புகைப்படங்கள் முகநூலில் வந்துவிடும்.

இதை ஏற்பாடு செய்பவர்களின் நிய்யத்தில் நமக்குச் சந்தேகமில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சிரமப்பட்டே பணம் திரட்டுகின்றன. ஐஸ் போதைப்பொருள், கைத்தொலைபேசி மோகம், பாடசாலை இடைவிலகல் என்று ஊரெல்லாம் கவலை நிறைந்திருக்கும்போது ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. ஆனால், செய்தது பயன் தந்ததா என்று மூன்று மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் அரிது. எத்தனை பேர் அழுதார்கள் என்பதையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்கிறோம்.

பேச்சு மட்டும் பிள்ளைகளை மாற்றுமா என்ற கேள்வியை உலகம் ஏற்கனவே சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983இல் 'டெயார்' என்ற திட்டம் ஆரம்பமானது. சீருடை அணிந்த பொலிஸ் அதிகாரிகள் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளைப் போதித்தார்கள். பெற்றோர், ஆசிரியர், அரசியல்வாதிகள் எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். ஆனால், பங்குபற்றிய மாணவர்களையும் பங்குபற்றாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், போதைப் பாவனையில் நீடித்த வித்தியாசம் எதையும் காணவில்லை. இது ஒருநாள் நிகழ்ச்சியுமல்ல. வாரக்கணக்கில் நடத்தப்பட்ட பாடத்திட்டம். இறுதியில் 2009இல் அதன் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதே நாட்டில், இளைஞர்களைச் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்று கைதிகள் மூலம் மிரட்டித் திருத்தும் திட்டமொன்றும் இருந்தது. 1978இல் வெளிவந்த ஆவணப்படமொன்றால் அது பெரும் புகழ் பெற்றது. பின்னர் பல பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, அதில் கலந்துகொண்டவர்களே கலந்துகொள்ளாதவர்களை விட அதிகமாகக் குற்றங்களில் ஈடுபட்டது தெரியவந்தது. அச்சத்தையும் அதிர்ச்சியையும் ஊட்டினால் பிள்ளை திருந்திவிடும் என்ற நமது நம்பிக்கைக்கு இது ஒரு கடுமையான எச்சரிக்கை.

அப்படியானால் குறுகிய நிகழ்ச்சிகள் எல்லாமே வீண்தானா? இல்லை. 2019இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12,000 அளவிலான ஒன்பதாம் தர மாணவர்கள் பங்குபற்றினர். திறமை முயற்சியால் வளரக்கூடியது என்பதை விளக்கும், ஒரு மணிநேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சியே அவர்களுக்கு வழங்கப்பட்டது. கல்வியில் பின்தங்கிய மாணவர்களின் சராசரிப் பெறுபேறு நான்கு புள்ளி அளவீட்டில் சுமார் 0.1 புள்ளியால் உயர்ந்தது. சிறிய பயன்தான், ஆனால் உண்மையான பயன். கவனிக்க வேண்டியது என்னவென்றால், முயற்சியை மதிக்கும் சூழல் சக மாணவர்களிடம் இருந்த பாடசாலைகளிலேயே இந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. நல்ல வார்த்தை ஒரு விதை. அது முளைப்பதும் கருகுவதும் பாடசாலை என்ற மண்ணைப் பொறுத்தது.

நமது மண் எப்படி இருக்கிறது? வருடக்கணக்கில் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் நின்று, "நினைத்தால் எதையும் சாதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பரீட்சையில் கணிதம் சித்தியடையாத பிள்ளை அந்த வாசகத்தை எப்படி விளங்கிக்கொள்ளும்? நான் போதியளவு நினைக்கவில்லை, குற்றம் என்னுடையதுதான் என்றே விளங்கிக்கொள்ளும். ஆசிரியரைப் பெற்றுத்தரக் கடமைப்பட்ட பெரியவர்கள் தப்பிவிடுகிறோம்.

இதைவிடப் பாரதூரமான விடயம், விளக்கை அணைத்து அழவைப்பது. அந்த மண்டபத்தில் தாயை உண்மையிலேயே இழந்த பிள்ளை இருக்கிறது. தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளை இருக்கிறது. தந்தையின் அடிக்குப் பயந்து வீட்டுக்குப் போகத் தயங்கும் பிள்ளையும் இருக்கிறது. அவர்களின் காயத்தைப் பலர் முன்னிலையில் கிளறிவிட்டு, துஆ ஓதி நிகழ்ச்சியை முடித்து, வளவாளர் வாகனம் ஏறிவிடுகிறார். மறுநாள் அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தாலும், பாடவேளைகளாலும் பதில் கடமைகளாலும் அவருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம். தனியாக உட்கார்ந்து பேச ஓர் அறைகூட இல்லாத பாடசாலைகள் உண்டு.

ஆகவே, அடுத்த நிகழ்ச்சிக்குப் பணம் திரட்டும் முன் சில நிபந்தனைகளை விதிப்போம். முந்நூறு பேரை ஒன்றாக அமர்த்தாமல், கேள்வி கேட்கக்கூடிய சிறு குழுக்களாகப் பிரிப்போம். பிள்ளைகளை அழவைக்கும் பகுதி வேண்டாம் என்று வளவாளரிடம் முன்கூட்டியே சொல்வோம். ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு திட்டத்தோடு வெளியேற வேண்டும். "நன்றாகப் படிப்பேன்" என்பது திட்டமாகாது. "இஷாவுக்குப் பிறகு போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கணக்குகள் செய்வேன்" என்பதே திட்டம். எப்போது, எங்கே, என்ன என்று தீர்மானித்தவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியல் ஆய்வுகளும் காட்டுகின்றன. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வகுப்பாசிரியர் அந்தத் திட்டத்தை விசாரிக்க வேண்டும்.

9ஏ எடுப்பவர்களுக்கு மட்டும் பாதை காட்டுவதும் போதாது. சாதாரண தரப் பெறுபேறு எதுவானாலும் தொழிற்துறைப் பிரிவில் தொடரக்கூடிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. என்.வி.கியூ. தொழிற்தகைமைகள் படிப்படியாகப் பட்டம் வரை செல்லும் வழியைத் திறந்திருக்கின்றன. பின்வரிசையில் இருக்கும் மாணவனுக்கு நூறு வெற்றிக் கதைகளை விட இந்தத் தகவல் பெறுமதியானது. அவ்வாறே, ஆபத்தில் இருக்கும் பிள்ளை அழைக்க வேண்டிய 1929 சிறுவர் உதவி இலக்கமும், மனநல உதவிக்கான 1926 இலக்கமும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும்.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) வியாழக்கிழமைகளில் மக்களுக்கு உபதேசம் செய்வார். தினமும் செய்யுங்கள் என்று ஒருவர் கேட்டபோது, சலிப்பு ஏற்படுத்திவிடுவேனோ என்று அஞ்சுவதாகவும், நபி (ஸல்) அவர்களும் அவ்வாறே எங்களுக்குச் சலிப்பு ஏற்படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் பதிலளித்தார். புஹாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியில் நமக்குப் பாடமிருக்கிறது. உபதேசம் அளவோடு இருந்தது. ஆனால் வாரம் தவறாமல் தொடர்ந்தது. உபதேசித்தவரும் அந்த மக்களோடு வாழ்ந்தவர்.

வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் பேச்சாளரை விட, வாரந்தோறும் "மகன், அந்தக் கணக்கு சரிவந்ததா?" என்று கேட்கும் ஓர் ஆசிரியர் அதிகம் சாதிப்பார். நமது சங்கங்களின் பணமும் உழைப்பும் அந்த ஆசிரியருக்குக் கை கொடுக்கட்டும்.