இரண்டாம் முறை பார்த்தல்

"படம் பார்ப்பதும் ஒரு படிப்பா?"

இங்கிலாந்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பமொன்றில், பதினாறு வயதுப் பிள்ளை தான் எடுக்க விரும்பும் பாடங்களுள் திரைப்படக் கல்வியும் ஒன்று என்று அறிவிக்குமாயின், பெற்றோரின் வாயிலிருந்து இக்கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்வியில் ஏளனத்தைவிட அச்சமே மிகுதி. ஊரையும் உற்றாரையும் விட்டுக் கடல் கடந்து சென்றவர்கள், பிள்ளைகளின் கல்வியையே தாம் ஈட்டிய சொத்தாகக் கருதுகின்றனர். அவர்தம் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு ஆராயாமலே தள்ளிவிடுதலும் முறையன்று. ஆகவே இப்பாடம் யாது, அதற்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு என்பதை இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

சென்னை மாகாணத்தில் முன்னாளில் பள்ளியிறுதி வகுப்பை ஆறாம் படிவம் என்று அழைத்ததை முதியோர் அறிவர். இங்கிலாந்தில் 'சிக்ஸ்த் ஃபார்ம்' என்பது வேறு. பதினாறாம் வயதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வுகளை எழுதி முடித்தபின், பதினெட்டு வயது வரையில் பயிலும் ஈராண்டுப் படிப்பையே அங்கு அப்பெயரால் குறிக்கின்றனர். அதுவரை எட்டு, ஒன்பது பாடங்களைப் படித்துவந்த மாணவர், அதன்பின் 'ஏ லெவல்' தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கின்றனர். மூன்றே இடங்கள் என்னும்போது, ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்று வெளியே நிற்கும். பெற்றோரின் அச்சத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

மருத்துவம் பயில விரும்பும் பிள்ளைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வேதியியலைக் கேட்கும். பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். எனவே, பிள்ளை நாடும் பட்டப்படிப்புக்குக் கட்டாயமான பாடங்கள் எவை என்பதை முதலில் விசாரித்து அறிதல் வேண்டும். அவற்றுக்கு இடம் ஒதுக்கியபின் எஞ்சும் இடத்தில் திரைப்படக் கல்வி அமருமாயின், அதனால் வாயில் எதுவும் அடைபடுவதில்லை. ஆங்கில இலக்கியம், வரலாறு, நாடகம் போன்றவற்றை நாடும் பிள்ளைக்கு அது துணையாகவும் அமையும். இங்கிலாந்தின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்த ரசல் குழு, 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலில், பல படிப்புகளுக்கு வழிதிறக்கும் பாடங்கள் என்று ஒரு சிறு பட்டியலைத் தந்திருந்தது. திரைப்படக் கல்வி அதில் இல்லை. ஆயினும், அப்பட்டியலைப் பலர் தவறாகப் பொருள்கொண்டதால், 2019-ஆம் ஆண்டில் அதனை அக்குழுவே கைவிட்டது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புள்ளிக் கணக்கிலும், எந்த ஏ லெவல் பாடத்தில் 'ஏ' தரம் பெற்றாலும் 48 புள்ளிகளே. திரைப்படத்துக்கெனக் குறைத்து அளப்பதில்லை. அதே வேளையில், இப்படிப்பு முடிந்தவுடன் திரைத்துறையில் வேலை நிச்சயம் என்று யாரேனும் கூறினால், அதனையும் நம்ப வேண்டா.

இனி, பாடத்துக்கு வருவோம். கார்டிஃப் நகரில் தலைமையிடம் கொண்ட வேல்ஸ் தேர்வு வாரியம், 'எடுகாஸ்' என்னும் பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு வகுத்தளித்த பாடத்திட்டம் 2017 செப்டம்பரில் கற்பிக்கத் தொடங்கப்பெற்றது; முதல் தேர்வு 2019-இல் நடைபெற்றது. எழுத்துத் தேர்வுகள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் 35 விழுக்காடு மதிப்பெண். எஞ்சிய 30 விழுக்காடு மாணவர் தாமே செய்யும் படைப்புக்கு உரியது: நான்கைந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்கலாம்; அல்லது திரைக்கதை எழுதி, அதன் ஒரு பகுதியை நிழற்படங்களால் வரிசைப்படுத்திக் காட்டலாம். ஹாலிவுட்டின் பழைய படங்கள், பிரிட்டிஷ் படங்கள், பிறநாட்டுப் படங்கள், ஆவணப்படம், ஊமைப்படம், சோதனைப்படம் எனப் பலவகையும் அப்பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. பட்டியலிலுள்ள படங்கள் காலந்தோறும் மாறக்கூடியவை. எவற்றைக் கற்பிக்கின்றனர் என்பதைச் சேரவிருக்கும் கல்லூரியிடமே கேட்டறிதல் நன்று.

இரண்டரை மணி நேரம் அமர்ந்து எழுதும் தேர்வு என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். படத்தின் கதையைத் திருப்பிச் சொல்வதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. கண்ட காட்சி நம் உள்ளத்தில் ஓர் உணர்வை எழுப்பியது; அவ்வுணர்வை எழுப்பியது எது? ஒளிப்பதிவா, காட்சிகளைத் தொகுத்த முறையா, ஒலியா, நடிப்பா, சட்டத்துக்குள் மனிதரையும் பொருளையும் உடையையும் ஒளியையும் அமைத்த பாங்கா? இதனைச் சான்று காட்டி எழுத வேண்டும்.

இதற்கு ஒரு சிறு விளக்கம். 1920-ஆம் ஆண்டையொட்டி, ருஷ்ய நாட்டில் லெவ் குலெஷோவ் என்னும் இயக்குநர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சியின்றி நோக்கும் ஒரு நடிகரின் முகத்தை, வெவ்வேறு காட்சிகளுடன் மாற்றி மாற்றி இணைத்தார். முகத்தை அடுத்து ஒரு கிண்ணம் சூப் வந்தபோது, கண்டவர்கள் அம்முகத்தில் பசியைக் கண்டனர். சவப்பெட்டி வந்தபோது துயரத்தைக் கண்டனர். முகமோ ஒன்றே. நாம் நடிப்பு என்று எண்ணிப் போற்றிய ஒன்று, இரு துண்டுகளை ஒட்டியவரின் கைவேலையாகவும் இருக்கலாம் என்பதை அது உணர்த்தியது. இத்தகைய கைவேலையைக் கண்டுபிடிப்பதே இப்பாடத்தின் உயிர்நாடி. அது முதன்முறை பார்க்கும்போது புலப்படுவதில்லை. முதன்முறை பார்க்கும்போது நாம் கதையின் கையில் இருக்கிறோம். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கதை நம் கையில் வருகிறது.

ஆகையால், ஜூன் மாதத்தில் தேர்வு முடிந்து செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் வரையுள்ள விடுமுறையில், நூறு படங்களைப் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் முனைய வேண்டா. ஐந்து படங்களை இருமுறை பார்த்தால் போதும். பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' என்னும் ஊமைப்படத்திலிருந்து தொடங்கலாம். 1920-இல் வெளியான இப்படம் அரைமணி நேரத்துக்கும் குறைவானது. தாத்தா முதல் பேரன் வரை கூடியிருந்து சிரிக்கத்தக்கது. புதுமணத் தம்பதியருக்குத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்த வீடொன்று பரிசாகக் கிடைக்கிறது. அப்பெண்ணை மணக்க விரும்பி ஏமாந்த ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிட, வீடு கோணல் மாணலாக எழும்புகிறது. இறுதியில், அதனை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லும் வழியில் தண்டவாளத்தின்மீது வீடு சிக்கிக்கொள்கிறது. ரயில் விரைந்து வருகிறது.

நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம். ரயிலோ பக்கத்துத் தண்டவாளத்தில் கடந்து போய்விடுகிறது. 'அப்பாடா' என்று மூச்சு விடுமுன், எதிர்த்திசையிலிருந்து மற்றொரு ரயில் வந்து வீட்டை நொறுக்கிவிடுகிறது. முதன்முறை சிரித்துத் தீர்த்தபின், பிள்ளை அக்காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். கேமரா எங்கே நிற்கிறது? அருகில் வந்து நடிகரின் முகத்தைக் காட்டாமல் ஏன் விலகி நிற்கிறது? இரண்டு தண்டவாளங்கள் உண்டு என்பதை நம் கண் ஏன் பொருட்படுத்தவில்லை? இரண்டாம் ரயில் சற்றுப் பிந்தி வந்திருந்தால் சிரிப்பு வந்திருக்குமா? இக்கேள்விகளுக்கு விடையாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கமே சிறந்த ஆயத்தம்.

தமிழ் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பும் உண்டு, ஓர் இடையூறும் உண்டு. மேற்சொன்ன பாடத்திட்டத்தின் பிறநாட்டுப் படப் பட்டியலில், மணிரத்னம் இயக்கி 1998-இல் வெளிவந்த 'தில் சே' என்னும் இந்திப் படம் இடம்பெற்றது. தமிழில் 'உயிரே' என்று நாம் அறிந்தது அதுவே. ஓடும் ரயிலின் கூரைமீது ஆடிப்பாடும் அதன் புகழ்பெற்ற பாடற்காட்சி, நமது நீலகிரி மலை ரயிலில் எடுக்கப்பெற்றது. இசை ஏ.ஆர். ரகுமான், ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். இப்படத்தை வீட்டிலேயே பலமுறை கண்டும் பாட்டைக் கேட்டும் வளர்ந்த பிள்ளை, வகுப்பில் மற்றவரைவிட முன்னே நிற்கலாம். ஆனால், 'எனக்குத் தெரிந்த படம்தானே' என்னும் எண்ணமே கண்ணை மறைக்கவும் கூடும். இந்தியப் படத்தில் கதையின் நடுவே பாட்டு ஏன் வருகிறது என்று ஆங்கிலேய மாணவர் வியந்து கேட்பார். நம் பிள்ளையோ அதனைக் கேள்வியாகவே நினைத்திருக்க மாட்டார். வடகிழக்கு மாநிலங்களின் கிளர்ச்சியையும், விடுதலைப் பொன்விழாக் காலத்தையும் பின்புலமாகக் கொண்ட ஒரு காதற்கதையில், அந்த ரயில் பாட்டு என்ன வேலை செய்கிறது? பழகிய ஒன்றைப் புதியவர்போல் நின்று கேட்கப் பழகுதலும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. இதில் பெற்றோர் உதவலாம். அந்நாளில் அப்படம் எவ்வாறு வரவேற்கப்பட்டது, நாட்டில் அப்போது என்ன நடந்தது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்களே.

நடைமுறைக்கான குறிப்புகள் சில:

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். படத்தின் பெயர், இயக்குநர், நாடு, ஆண்டு ஆகியவற்றின் கீழே, நினைவில் நின்ற ஒரே ஒரு காட்சியைப் பற்றி மட்டும் எழுதட்டும். 'நன்றாக இருந்தது' என்னும் சொற்றொடருக்கு அந்நோட்டில் இடம் இல்லை.

தெரியாத மொழிப் படங்களை, கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்க்கப் பழகுதல் வேண்டும். ஒரு காட்சியை ஒலியை நிறுத்திப் பார்ப்பதும், மறுமுறை கண்ணை மூடி ஒலியை மட்டும் கேட்பதும் நல்ல பயிற்சி.

கையிலுள்ள தொலைபேசியாலேயே ஒரு நிமிடப் படம் எடுத்துப் பார்க்கலாம். அம்மா தேநீர் போடுவதை ஆறு துண்டுகளாக எடுத்து இணைப்பதற்குள், எங்கே வெட்டுவது என்னும் கேள்வியின் கடினம் விளங்கிவிடும். பாடத்துக்கான குறும்படத்தை ஒவ்வொரு மாணவரும் தனியே இயக்க வேண்டும். ஆயினும், மதிப்பீட்டுக்கு உட்படாத பிறர் அதில் நடிக்கத் தடையில்லை. ஆகவே தந்தையும் பாட்டியும் நடிகராகும் நாள் வரலாம், மறுக்காதீர்கள்.

வயதுக்கு ஒவ்வாத படங்கள் குறித்த கவலையும் நியாயமானதே. அந்நாட்டில் 1912-இல் நிறுவப்பெற்ற திரைப்பட வகைப்பாட்டு வாரியம், ஒவ்வொரு படத்துக்கும் வயதுச் சான்று தருவதோடு, அதில் உள்ள வன்முறை, தகாத சொல் முதலியவற்றையும் குறித்துக் காட்டுகிறது. அதனைப் படித்துவிட்டுப் பிள்ளையுடன் சேர்ந்து அமருங்கள். கடினமான காட்சியைக் கண்டபின் பேசுவதற்கு ஒருவர் பக்கத்தில் இருப்பது, தனியறையில் தானே பார்ப்பதைவிட மேலானது.

இறுதியாக, பிள்ளைக்கு இப்பாடம் ஏற்றதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு படத்தை இருமுறை பார்த்து, ஒரு பக்கம் எழுதி வருமாறு சொல்லுங்கள். இரண்டாம் முறை அமரும்போது சலிப்புற்று, 'தெரிந்த கதைதானே, வேறு படம் போடுவோம்' என்றால், திரைப்படம் அப்பிள்ளைக்கு நல்ல பொழுதுபோக்கு. அது அப்படியே இருக்கட்டும். மாறாக, 'அப்பா, இதைக் கவனித்தீர்களா' என்று படத்தை நிறுத்தி நிறுத்தி உங்களையும் பார்க்கச் செய்தால், அந்தப் பிள்ளை ஏற்கனவே படிக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். ஆகஸ்டு மாதம் தேர்வு முடிவு வந்து, சேர்க்கைத் தாளில் மூன்று பாடங்களை உறுதிசெய்யும் முன், வீட்டில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி வையுங்கள்.