அண்ணாவியாரின் தாளமும் கணினியின் விதியும்

முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டம்பரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 2017 மார்ச்சில் கடற்படை முகாமின் முன் தொடர் போராட்டத்தைத் தொடங்கி, ஏப்ரல் 29இல் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற உறுதிமொழியைப் பெற்றனர். நிலத்தின் இழப்பை ஏக்கரில் கணக்கிடலாம். இடம்பெயர்வில் சிதறும் கலையை எதில் கணக்கிடுவது? மன்னார்க் கூத்தின் தாளக்கட்டு அண்ணாவியாரின் நினைவில் வாழ்வது. அவரும் பழகும் பிள்ளைகளும் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறினால், அது கைமாறுவதற்கு வழியில்லை.

பாடல்களைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் உருவாக்கும் காலம் இது. ஆனால் அத்தகைய செயலிகளுக்குப் பெருந்தொகையான ஒலிப்பதிவுகள் வேண்டும். நம் கூத்துக்கு அவ்வளவு பதிவுகள் எங்கே? இதனால்தான் ‘லைவ் கோடிங்’ எனப்படும் வேறொரு வழி நமக்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். கலைஞர் மேடையிலேயே நிரலை எழுதுவார். மாற்ற மாற்ற இசையும் மாறும். திரையில் நிரல் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது, 2004இல் உருவான டாப்லாப் என்ற கலைஞர் அமைப்பின் கொள்கை.

இதற்குப் பெரிய கணினியும் வேண்டாம். ‘தகிட’ மூன்று, ‘தகதிமி’ நான்கு; சேர்ந்தால் ஏழு மாத்திரை. ஒவ்வொரு இரண்டாம் சுற்றிலும் இரண்டையும் இடம் மாற்று என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நடை மாறும், ஏழு மாறாது.

இந்த வழிக்கு நம் பிராந்தியத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1980களின் தொடக்கத்தில் பெர்னார்ட் பெல், ஜேம்ஸ் கிப்பன் இருவரும் லக்னோ தபேலா மரபின் விதிகளை ‘போல் புரொசெசர்’ என்ற நிரலாக்கினர். ஒரு சிறிய ஆப்பிள் கணினி புதிய சொற்கட்டுகளை உருவாக்கும். உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கான் போன்ற கலைஞர்கள் சரி, பிழை சொல்வார்கள். அதற்கேற்ப விதி திருத்தப்படும். இன்று லைவ் கோடிங் கலைஞர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘டைடல்’ மொழியிலும் அதன் செல்வாக்கு உண்டு.

அங்கே தீர்ப்புச் சொன்னவர் கலைஞர். நமக்கும் அதுவே முக்கியம். கூத்தை ஒளிப்பதிவு செய்வோர், அண்ணாவியாரைப் பக்கத்தில் இருத்தி, அவர் ஏற்கும் விதிகளையும் நிராகரிக்கும் விதிகளையும் எழுதி வைக்க வேண்டும். ஒளிப்பதிவில் ஓர் இரவின் ஆட்டம்தான் மிஞ்சும். விதி தெரிந்த பிள்ளை அடுத்த ஆட்டத்துக்குப் புதிதாக அடிக்கும். அந்தக் கோப்பு ஊராரின் பெயரில், ஊராரின் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கூத்தாடக் களரி வேண்டும். களரிக்கு நிலம் வேண்டும்.