பரீட்சை முடியட்டும், பல்லைப் பார்த்துக்கொள்ளலாம்

திருப்புதல் தேர்வு நடக்கும் வாரங்களில், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இரவு பத்தரைக்கு ஒரு டம்ளர் பாலில் சத்துப் பொடியும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கலக்கி மேசையில் வைக்கிறோம். பக்கத்தில் ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட். பதினொன்றரைக்குப் பிள்ளை புத்தகத்தின் மேலேயே கண்ணயர்ந்துவிட்டால், பாவம் என்று போர்த்திவிட்டு விளக்கை அணைக்கிறோம். எழுப்பிப் பல் தேய்க்கச் சொல்ல மனசு வருவதில்லை.

அந்த இரக்கத்துக்குப் பிறகு வாய்க்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலெல்லாம் பல்லைக் கழுவிக்கொண்டும் அமிலத்தைத் தணித்துக்கொண்டும் இருப்பது அந்த எச்சில்தான். அது இல்லாத நேரத்தில், பல்லிடுக்கில் ஒட்டிய பிஸ்கட் மாவு விடியவிடியக் கிருமிகளுக்குத் தீனியாகிறது. படிப்புக்குத் தெம்பு என்று நாம் கொடுத்தது, கொடுக்கவே கூடாத நேரத்தில் போய்ச் சேருகிறது.

காலையில் வேன்காரர் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறார். ஒரு கையில் பிரஷ், மறுகையில் சமூக அறிவியல் நோட்டு. முன்பல்லில் நாலு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. துப்பிய நுரையில் லேசாகச் சிவப்பு. “அம்மா, ரத்தம் வருது” என்கிறாள். “அழுத்தித் தேய்ச்சிருப்பே. கொப்பளிச்சிட்டு வா, நேரமாச்சு” என்கிறோம்.

தலை சீவும்போது தினமும் சீப்பில் ரத்தம் ஒட்டினால் இப்படிச் சொல்வோமா? அன்றைக்கே டாக்டரிடம் ஓடமாட்டோமா?

ஆரோக்கியமான ஈறு, பல் தேய்த்தால் ரத்தம் கசியாது. கசிந்தால், பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் கிருமிப் படலம் படிந்து ஈறு புண்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். பிள்ளை ரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கும். படலம் இன்னும் தடிக்கும், ரத்தம் இன்னும் வரும். அந்த இடத்தைத்தான் மென்மையான பிரஷ்ஷால், பொறுமையாக, தவறாமல் தேய்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிமிஷத்தில்தான் நாம் “நேரமாச்சு” என்கிறோம்.

1965ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளைக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்துவிட்டது. திரும்பவும் ஒழுங்காகத் தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தது. இரண்டு மூன்று வாரம் என்பது நம் வீடுகளில் ஒரு பரீட்சைக் காலம். ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், பெரிய தேர்வை எழுதியவர்களின் ஈறு, எழுதாதவர்களுடையதைவிட அதிகம் வீங்கியிருந்ததாகத் தெரியவந்தது. தேர்வு நெருக்கடியில் மனசு களைத்தால், முதலில் கைவிடப்படுவது பல் தேய்ப்பது மாதிரியான சின்னச் சின்ன வேலைகள்தான்.

பிள்ளைப் பருவத்து ஈறு வீக்கம் பெரும்பாலும் இப்படித் திரும்பிவிடக் கூடியது என்பது நமக்குக் கிடைத்திருக்கிற நல்ல வாய்ப்பு. அப்படியே விட்டால் படலம் இறுகிக் காரையாகும். காரை பிடித்துவிட்டால் எந்த பிரஷ்ஷும் அதை எடுக்காது. வருஷக்கணக்கில் அழற்சி நீடித்தால், சிலருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். போன எலும்பு தானாக வளராது.

வாரத் தேர்வில் கணக்குக்கு எவ்வளவு, அறிவியலுக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். பிள்ளையின் கடைவாய்ப் பல்லைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

வெளிச்சத்தில் உட்காரவைத்து, மேலுதட்டை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈறு கெட்டியாக, பல்லைச் சுற்றிக் கத்தி விளிம்புபோல மெல்லியதாகப் படிந்திருக்க வேண்டும். உப்பி, பளபளவென்று சிவந்திருந்தால் அது வீக்கம். நம் பிள்ளைகள் பலருக்கு ஈறு இயல்பிலேயே கருமை கலந்து இருக்கும், அது நோயல்ல. ஈறோரத்தில் பல்லின் மேல் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளையாகத் தெரிந்தால், அது சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் ஓட்டை விழாமலே தடுத்துவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நாம் சொல்லும் சமாதானம் வேறு: “விழப்போற பல்தானே.” பால் கடைவாய்ப் பற்கள் விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். அதுவரை அவைதான் மென்று தின்ன வேண்டும், அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆறு வயதையொட்டி எந்தப் பல்லும் விழாமலே, பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். பால்பல் என்று நினைத்து நாம் சொத்தையாக விடுவது பெரும்பாலும் அதைத்தான். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலக் கையெழுத்து அழகாக வரவில்லையே என்று கவலைப்படுகிற அதே வருஷத்தில் அது முளைக்கிறது. கவனித்தோமா?

அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பரிசு என்ன? டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கினால் சாக்லேட். ஊசி போடும்போது அழாவிட்டால் சாக்லேட். அழுதாலும் சாக்லேட். பிறகு உறவுக்காரர்கள் நடுவில், “பல்லைப் பாரு, எப்படி மஞ்சளா இருக்கு” என்று நாமே சொல்கிறோம். அன்றிலிருந்து அது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகுகிறது. “ஒழுங்கா தேய்க்கலேன்னா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி புடுங்கச் சொல்லிடுவேன்” என்று மிரட்டியும் வைக்கிறோம். நாளைக்கு நிஜமாகவே வலிக்கும்போது, அந்தப் பிள்ளை நம்மிடம் எப்படி வாய் திறந்து சொல்லும்? ஒரு பக்கமாகவே மென்று சமாளிக்கும், மெல்லாத பக்கத்தில் அழுக்கு இன்னும் சேரும்.

செய்ய வேண்டியவை ரொம்பப் பெரிய காரியங்கள் இல்லை. பாலை சாயந்திரத்துக்கு மாற்றலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், படிக்க உட்காரும் முன்பே பல் தேய்த்துவிட்டால், தூக்கம் வந்து கவிழ்ந்தாலும் கவலையில்லை. அதற்கு மேல் தண்ணீர் மட்டும். பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்வாக வைத்து, இரண்டு நிமிஷம், ஃபுளோரைடு பேஸ்ட்டால். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் எந்த பேஸ்ட் என்று பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கை அதற்குப் பழகாது, நாம்தான் தேய்த்துவிட வேண்டும். ஷூ லேஸ் கட்டிவிட நேரம் இருக்கிற நமக்கு இதற்கு ஏன் இல்லை?

“க்ளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்” என்று பயப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். முறையாகச் செய்கிற க்ளீனிங் பல்லை ஆட்டாது.

பரீட்சை முடியட்டும் என்று எந்தப் பரீட்சையைச் சொல்கிறோம்? பொதுத்தேர்வு முடிந்தால் நீட், அதன் பிறகு கலந்தாய்வு, அதன் பிறகு கல்லூரி. பிள்ளைகளுக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் செய்தது நாம். அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுக்க வேண்டியதும் நாம்தான். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. காலையில் சீட்டு வாங்கிப் போய்க் காட்டலாம். வருகிற சனிக்கிழமை ஒரே ஒரு டியூஷனுக்கு லீவு சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.