சூட்டுக்கு மேல் கீழ் தெரியாது

ரொறன்ரோவுக்குக் கிழக்கே நண்பர் ஒருவர் கட்டும் வீட்டைப் பார்க்க அண்மையில் போயிருந்தேன். பேஸ்மென்டில் சரளைக்கல், அதன் மேல் பொலித்தீன் தாள், அதன் மேல் கம்பிவலை, வலையோடு கட்டிய பெக்ஸ் குழாய்கள். மறுநாள் கொங்கிறீற் கொட்டப் போகிறார்கள். குளிர்காலத்தில் குழாய்களில் சுடுநீர் ஓடித் தரை சூடாகும். அடியில் ஃபோம் பலகை எங்கே என்று கேட்டேன். வேலை எடுத்தவர் சிரித்தார். "அண்ணை, சூடு மேலதானே போகும்? கீழ ஏன் காசைப் புதைக்கிறியள்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இந்தப் பொய்யை வேதம்போல ஓதுகிறார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டுக் காசோலையில் கையெழுத்து வைக்கிறார்.

மேலே ஏறுவது சூடான காற்று. அது பாரம் குறைந்தது, அதனால் ஏறுகிறது. கொங்கிறீற்றுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஏறுவதற்குக் காற்று இல்லை. திடப்பொருளில் சூடு எங்கே குளிர் உண்டோ அங்கே பாயும். மேல், கீழ், பக்கம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822இல் புத்தகமே எழுதி நிறுவிய கணக்கு இது. 30 பாகை சூட்டில் ஒரு தரை. மேலே 20 பாகையில் அறை. கீழே 10 பாகையில் மண். எந்தப் பக்கம் இழுப்பு அதிகம் என்று பள்ளிப் பிள்ளையே சொல்லும்.

நம்பாதவர்கள் இனுவிக் நகரைப் பார்க்கட்டும். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், 1950களில் கட்டிய ஊர். அங்கே வீடுகள் நிலத்தில் உட்காருவதில்லை. முளைகளின் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும்கூட நிலத்துக்கு மேலேதான் ஓடுகின்றன. ஏன்? வீட்டின் சூடு கீழே இறங்கி உறைமண்ணை உருக்கிவிடும், வீடு சரிந்துவிடும். கனடாவின் வடக்கிலேயே உள்ள டோசன் சிட்டியில் அப்படிச் சரிந்த பழைய கட்டடங்கள் இன்றும் ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. சூடு மேலேதான் போகும் என்றால் இனுவிக்காரர் எதற்காக ஒரு ஊரையே முளையில் ஏற்றினார்கள்?

மண் சூட்டைச் சேமித்து வைத்துத் திருப்பித் தருமாம், இது அடுத்த கதை. ஈர மண்ணுக்குள் இறங்கிய சூடு கடலில் கரைத்த பெருங்காயம். ஃபோம் பாரத்தில் நசுங்கிவிடும் என்பது இன்னொரு கதை. தரைக்கென்று விற்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை சதுர அடிக்கு 3,000 இறாத்தலுக்கு மேல் தாங்கும். உங்கள் சோபாவுக்கு அது அசையாது. அந்தப் பலகை இரண்டு அங்குலம் செய்கிற வேலையை வெறும் கொங்கிறீற் செய்ய வேண்டுமானால் தடிப்பு ஏறக்குறைய 3 மீற்றர் வேண்டும்.

இவர்களைவிட மோசமானவர்கள் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழித்தாளைச் சுருளாக விற்கிறவர்கள். விண்வெளித் தொழில்நுட்பமாம்! வெள்ளித்தாள் வேலை செய்ய முன்னால் காற்றிடைவெளி வேண்டும். கொங்கிறீற்றுக்கு அடியில் அந்த இடைவெளி ஏது? அங்கே நசுங்கிக் கிடக்கும் தாளுக்கு இரண்டு அங்குலப் பலகையின் பத்தில் ஒரு பங்கு பலன்தான். இனுவிக்கில் போய் இந்தச் சுருளை விரித்து அதன் மேல் ஒரு வீடு கட்டிக் காட்டட்டும்.

நம்மவர்களையும் சொல்லத்தான் வேண்டும். சமையலறைக்குக் கிரனைற், வாசலுக்குத் தூண், கூரையில் தொங்கும் கண்ணாடி விளக்கு. விருந்தாளி பார்க்கிற இடத்துக்கெல்லாம் கடன் வாங்கிச் செலவழிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நூறு டொலருக்குப் பேரம். பிறகு மாசிமாதம் காஸ் பில்லைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டுகிறோம். பில் ஏறுவது அரசாங்கத்தால் மட்டுமல்ல. உங்கள் பொய்லர் இரவு பகலாக மண்ணைக் காய்ச்சுகிறது.

கூரைக்குப் பிறகும் பஞ்சு போடலாம், யன்னலை மாற்றலாம். கொங்கிறீற்றுக்கு அடியில் போட விட்டதை உடைக்காமல் போட முடியாது. ஆகவே லொறி வருமுன் நீங்களே பேஸ்மென்டில் இறங்கிப் பாருங்கள். தரை முழுக்கப் பலகை இருக்க வேண்டும். சுவரோரம் நிமிர்த்தியும் வைத்திருக்க வேண்டும். குழாய்க்கு அடியில் வெறும் சரளை கிடந்தால், வேலை எடுத்தவர் எவ்வளவு சிரித்தாலும் லொறியைத் திருப்பி அனுப்புங்கள்.